நீர்க்கட்டியின் பேரப்பிள்ளைகள்

பொறியியல் வெள்ளைக்காரன் கொண்டுவந்த படிப்பு என்று நமக்குச் சொல்லித் தந்தார்கள். காவிரி வேறு கதை சொல்கிறது. ஆர்தர் காட்டன் 1836-ல் முக்கொம்பில் மேலணை கட்டத் தொடங்குவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே கல்லணை இருந்தது. எந்த மடையை எப்போது திறப்பது, எந்த வயலுக்கு எவ்வளவு தண்ணி என்ற கணக்கைத் தலையிலேயே வைத்திருந்தவன் நீர்க்கட்டி. தமிழ்நாட்டின் பல ஊர்களில் அவன் சேரிக்காரன். கூலியாக நெல் அளந்தார்கள். அறிவாளி என்ற பெயரை அளக்கவில்லை. 'எஞ்சினியர்' என்ற பட்டம் வந்தபோது அது அக்ரகாரத்துக்கும் பண்ணையார் வீட்டுக்கும் போயிற்று. வேலை செய்கிற கைக்கு ஒரு சாதி, கணக்குப் போடுகிற மூளைக்கு ஒரு சாதி: இந்தப் பிரிவினைமேல்தான் இங்கே பொறியியல் கல்வி எழுந்தது.

அதை அசைத்தது வகுப்புவாரி அரசாணை. 1950 வாக்கில் சென்னை ராஜ்யத்தின் நான்கு அரசு பொறியியல் கல்லூரிகளில் மொத்தம் 395 இடங்கள். ஒவ்வொரு 14 இடத்திலும் 2 நமக்கு. அதுவும் பொறுக்கவில்லை. செண்பகம் துரைராஜன் வழக்கு என்றால் மருத்துவ இடம்தான் எல்லோருக்கும் ஞாபகம். கூடவே சி.ஆர். சீனிவாசன் என்பவர் பொறியியல் இடம் கேட்டு வழக்குப் போட்டிருந்ததை யாரும் பேசுவதில்லை. 450-க்கு 369 மார்க் என்று தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. 1951 ஏப்ரல் 9-ல் உச்ச நீதிமன்றம் அரசாணை செல்லாது என்றது. தமிழ்நாடு கொதித்தது. பெரியார் தெருவில் நின்றார்; சட்ட அமைச்சராக அம்பேத்கர் நாடாளுமன்றத்தில் நின்றார். அந்த ஜூனிலேயே முதல் அரசியல் சட்டத் திருத்தம் வந்தது, 15(4) பிறந்தது. மார்க்கைக் காட்டி வாசலை அடைப்பது அன்றைக்கே தொடங்கிய வித்தை.

திருச்சிக்கு வருவோம். 1964-ல் துவாக்குடியில் மண்டலப் பொறியியல் கல்லூரி தொடங்கியது. 2003-ல் அதுவே என்.ஐ.டி. ஆனது. 2024-ல் தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்த பழங்குடி மாணவிகள் இரண்டு பேர் அங்கே சேர்ந்தபோது, 60 ஆண்டில் இதுதான் முதல்முறை என்று செய்தித்தாள்கள் கொண்டாடின. கொண்டாடட்டும். இதே மாவட்டத்தில்தானே பச்சைமலை இருக்கிறது! மலையிலிருந்து இறங்கிவர அறுபது வருஷமா? இந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை.

மாநில அரசின் கல்லூரிகளில் கதவு கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தது. 1984-ல் வந்த நுழைவுத் தேர்வை 2006-ல் கொண்டுவந்த சட்டம் ஒழித்தது. 2009-ல் அருந்ததியருக்கு 3 சதவீத உள் ஒதுக்கீடு, 2010-ல் முதல் பட்டதாரிக்குக் கட்டணச் சலுகை, 2012-ல் அரசாணை 92, 2021-ல் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீதம். எதுவும் தானாக வரவில்லை.

ஸ்ரீரங்கம் தீவில் கோயிலைச் சுற்றிய வீதிகளில் யார் குடியிருக்கலாம் என்பதைப் பிறப்பு வகுத்தது. அந்தப் பெயரைத் தாங்கி 2013-ல் தொடங்கிய அரசு பொறியியல் கல்லூரி தீவில் இல்லை. ஆற்றைத் தாண்டி, மதுரை சாலையில் சேதுராப்பட்டியில் இருக்கிறது. ஸ்ரீரங்கம் என்ற பெயரில் நம் பிள்ளைக்கும் ஒரு வரிசை எண் இருப்பது சின்ன விஷயமில்லை.

ஆனால் உள்ளே நுழைந்த பிறகு?

நான் தமிழ் எம்.ஏ. படித்தவள். எஞ்சினியரிங் பற்றி உனக்கென்ன தெரியும் என்று கேட்கலாம். விடுதிப் பிள்ளைகள் சொல்லித்தான் தெரியும். "அக்கா, அங்க யாரும் சாதி கேக்க மாட்டாங்க. கட்-ஆஃப் எவ்வளவுன்னு கேப்பாங்க. அதுக்கப்புறம் பேச்சு கொறஞ்சிடும்" என்றாள் ஒரு பெண். என்.ஐ.டி., ஐ.ஐ.டி.யில் அதே கேள்விக்குப் பெயர் ரேங்க். பம்பாய் ஐ.ஐ.டி.யில் 2023-ல் ஒரு தலித் மாணவர் இறந்த பிறகுதான், ரேங்க் கேட்காதீர்கள் என்று நிர்வாகமே சொல்ல வேண்டி வந்தது.

டிராஃப்டரும் பழைய வினாத்தாளும் சீனியர் கையிலிருந்து ஜூனியர் கைக்குப் போகும். தெரிந்தவன் தெரிந்தவனுக்குத் தருவான். நமக்குத் தெரிந்த சீனியர் யார்? வகுப்பு இங்கிலீஷில் நடக்கும். வைவாவில் விடை தெரிந்தும் வாய் வராது. இன்டர்னல் மார்க் ஆசிரியர் கையில். உதவித்தொகை தாமதமானால் பரீட்சை ஃபீஸுக்கு வட்டிக் கடன். அரியர் விழுந்தால், "கோட்டாவுல வந்தவன்தானே" என்று ஒரே வரியில் தீர்ப்பு.

இரக்கம் நமக்கு வேண்டாம். உதவித்தொகை வரும்வரை எந்தப் பிள்ளையையும் பரீட்சையிலிருந்து நிறுத்தாதே. முதல் வருஷம் தமிழில் விளக்கம் சொல். டிராஃப்டரைக் கல்லூரியே கொடு. வைவாவில் இரண்டு பேர் உட்காருங்கள். ஒருவர் வெளியாளாக இருக்கட்டும். எஸ்.சி., எஸ்.டி. குறைதீர்ப்புப் பிரிவின் பொறுப்பை நம் ஆசிரியர்களிடம் கொடு. காலியாய்க் கிடக்கும் நம் ஆசிரியர் பணியிடங்களை நிரப்பு.

கூடவே நீர்ப்பாசனப் பாடத்தில் நீர்க்கட்டியின் கணக்கையும் சேர். தன் தாத்தா செய்த வேலைக்குப் பெயர் பொறியியல் என்று அந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பேத்திக்குத் தெரியட்டும். பக்கத்தில் உட்கார்ந்து கட்-ஆஃப் கேட்கிறவனுக்கும் தெரியட்டும்.