வாயிலின் இறுக்கமும் கல்வியின் ஆழமும்

ஒரு கல்லூரியில் இடம் கிடைப்பது எவ்வளவு அரிதோ அவ்வளவு சிறந்தது அங்குள்ள கல்வி என்பது அமெரிக்க உயர்கல்வியில் வேரூன்றிவிட்ட நம்பிக்கை. சிகாகோ பல்கலைக்கழகத்தின் வரலாறு இதைப் பொய்யாக்குகிறது. 2005 வாக்கில் அங்கு இளநிலைக்கு விண்ணப்பித்தோரில் நூற்றுக்கு ஏறத்தாழ நாற்பது பேருக்கு இடம் கிடைத்தது. பத்தாண்டு கழியுமுன் அது பத்துக்கும் கீழே இறங்கியது. ஆனால் மூலநூல்களை நேரடியாகப் படித்து விவாதிக்கும் அதன் பொதுப் பாடத்திட்டமும், மாணவரை வாட்டி எடுக்கும் அதன் கண்டிப்பும் அதற்குப் பல பத்தாண்டுகள் முந்தியவை. விண்ணப்பங்கள் பெருகின, விகிதம் சரிந்தது; வகுப்பறையின் தரத்தை அந்த எண் ஒருபோதும் அளந்ததில்லை.

அப்படியானால் எதைக்கொண்டு அளப்பது? மாணவர் வெளியேறும்போது எதைச் செய்துகாட்ட வேண்டியுள்ளது, அதை யார் மதிப்பிடுகிறார்கள் என்பதைக்கொண்டு என்பதே என் வாதம்.

பென்சில்வேனியாவின் ஸ்வார்த்மோர் கல்லூரியில் 1922-இல் தலைவர் ஃபிராங்க் ஐடெலாட், ஆக்ஸ்ஃபோர்டில் தாம் கற்ற அனுபவத்தின் துணையோடு, ஆனர்ஸ் முறையைத் தொடங்கினார். சிறு குழுவாகக் கூடிப் பயிலும் மாணவரை இறுதியில் எழுத்திலும் வாய்மொழியிலும் தேர்வு செய்வோர் வெளியிலிருந்து வரும் அறிஞர்கள். பாடம் சொன்னவர் கையில் தீர்ப்பு இல்லாததால், ஆசிரியரும் மாணவரும் ஒரே பக்கம் நின்று உழைக்கிறார்கள்.

போர்ட்லண்டின் ரீட் கல்லூரி இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. அங்கு மதிப்பெண் பதிவேட்டில் ஏறும்; நன்றாகப் படிக்கும் மாணவர் கேட்டாலொழிய அதைச் சொல்வதில்லை. அவர் கைக்கு வருவது, கட்டுரையின் ஓரத்தில் ஆசிரியர் எழுதிய விமர்சனம். எண் கண்ணில் படாதபோது அந்த விமர்சனத்தைப் படித்தே ஆகவேண்டும். மூன்றாம் ஆண்டில் துறைசார் தகுதித் தேர்வு. நான்காம் ஆண்டு முழுவதும் ஓர் ஆய்வேடு. இயற்பியலோ இலக்கியமோ, எவருக்கும் விலக்கில்லை. வாய்மொழித் தேர்வில் வேறு துறைப் பேராசிரியரும் அமர்வது மரபு. தன் ஆய்வைத் துறைக்கு வெளியே உள்ளவருக்கும் விளங்கவைக்க முடியாதவர் அங்கே தடுமாறுவார். 1995-இல் இக்கல்லூரி ‘யு.எஸ். நியூஸ்’ இதழின் கல்லூரித் தரவரிசைக்குத் தகவல் தர மறுத்தது இந்த நெறியோடு இசைந்ததே.

வடிகட்டிச் சேர்த்த மாணவர்களே அறிவுச் சூழலை உருவாக்குகிறார்கள் என்ற மறுப்பு எழலாம். உடன் பயில்வோரின் தாக்கத்தை நானும் மறுக்கவில்லை. ஆயினும் அதே மாணவர்களை நூற்றுக்கணக்கில் ஒரே அரங்கில் அமர்த்தி விரிவுரை கேட்கவைத்தால் விவாதம் எங்கிருந்து பிறக்கும்? கடுமை தெரிந்தும் நாடி வந்தவர்களே பழைய சிகாகோவில் நிறைந்திருந்தார்கள். அச்சூழலுக்கு அடிப்படை அவர்களுடைய விருப்பம். எத்தனை பேர் திருப்பி அனுப்பப்பட்டார்கள் என்பதற்கு அதில் பங்கு மிகக் குறைவு.

கல்லூரியைத் தேரும் மாணவரும் பெற்றோரும் சேர்க்கை விகிதத்தை ஒதுக்கிவிட்டு, அங்கு பயின்றவர்களின் ஆய்வேடுகளைக் கேட்டு வாங்கிப் படிக்க வேண்டும். காட்ட ஒன்றும் இல்லாத கல்லூரி, நூற்றுக்கு ஐவரையே சேர்த்தாலும், அறிவுக்காக நாடத் தக்கதன்று.