புள்ளி இழந்த ஒரு மாலைப்பொழுது

சென்ற மாதம், என்னோடு பல்லாண்டுகள் பத்திரிகையிற் பணியாற்றிய அச்சுக்கோப்பாளர் ஒருவர் சுன்னாகத்திற் காலமானார். அவருக்கான அஞ்சலிக் கட்டுரையை அன்று மாலைக்குள் அனுப்பவேண்டியிருந்தது. எழுதத் தொடங்கிய சில நிமிடங்களில் விசைப்பலகை மக்கர் செய்தது. 'சுன்னாகம்' என்று தட்டினால் திரையில் 'சுனனாகம' என்று விழுந்தது. மற்றெல்லா எழுத்துகளும் ஒழுங்காக வந்தன. புள்ளி மாத்திரம் வரவில்லை.

என் போன்ற பழையவர்கள் இன்னமும் பாமினி முறையிலேயே தட்டுகிறோம். அதில் புள்ளி இருப்பது ஆங்கில அரைப்புள்ளி விசையில். முதலில் எழுத்துருவையே சந்தேகித்தேன். ஆங்கிலத்துக்கு மாற்றி அதே விசையை அழுத்தினேன், அரைப்புள்ளியும் வரவில்லை. ஆகவே குற்றம் எழுத்துருவில் இல்லை. ஏனைய விசைகள் இயங்கியதால் கம்பியிலும் இல்லை. அந்த ஒற்றை விசையிலேதான் கோளாறு என்பது தெளிவாயிற்று.

புள்ளி இன்றித் தமிழை வாசிப்பது நம் முன்னோருக்குப் புதிதன்று. எழுத்தாணி ஓலையைத் துளைத்துவிடும் என்று அஞ்சி, ஏடெழுதியோர் புள்ளியை விட்டே எழுதினர். வாசிப்பவர் இடமறிந்து மெய்யைப் பிரித்தறிந்தார். ஆனால் மெய்யெழுத்து புள்ளி பெறும் என்ற இலக்கணம் தொல்காப்பியத்திலேயே உண்டு. அந்தத் தொல்காப்பிய எழுத்ததிகாரத்தை நச்சினார்க்கினியர் உரையோடும், புன்னாலைக்கட்டுவன் வித்துவசிரோமணி சி. கணேசையரின் குறிப்புகளோடும் 1937இல் அச்சேற்றியது எங்கள் சுன்னாகம் திருமகள் அழுத்தகம். அதனை நிறுவிய நா. பொன்னையா அவர்களே 1930இல் 'ஈழகேசரி' பத்திரிகையையும் தொடங்கியவர். 1951இல் அவர் மறைந்த பின்னரும் அப்பத்திரிகை 1958 வரை வெளிவந்தது.

அச்சுக்கூடத்தில் 'க்' என்பது தனியொரு ஈய எழுத்து. எடுத்து வைத்தாற் போதும். தட்டச்சுப்பொறியில் அது முடியாது. 247 எழுத்துகளுக்கும் விசை வைக்க அங்கு இடமில்லை. விசையை அழுத்தியதும் தாளுருளை ஓரடி நகர்ந்துவிடுவதால், எழுத்தின் தலையிற் புள்ளி வைப்பதும் இயலாதிருந்தது. அந்தச் சிக்கலை அவிழ்த்தவர் யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் 1886இல் பிறந்து, மலாயா சென்று, சிங்கப்பூரிற் பணியாற்றிய ஆர். முத்தையா. அழுத்தினாலும் தாள் நகராத 'நகரா விசை'யை அவர் அமைத்தார். முதலிற் புள்ளி விழும். தாள் அசையாது நிற்கும். அடுத்து அடிக்கும் எழுத்து அதன் கீழே வந்து பொருந்தும். முதலாம் உலகப் போரின் பின் ஜேர்மனியில் அப்பொறிகள் செய்யப்பட்டுத் தமிழ் வழங்கும் இடமெங்கும் பரவின. பாமினியின் விசை ஒழுங்கு அந்தத் தட்டச்சுமரபின் வழிவந்ததுதான். எழுத்து முதலிலும் புள்ளி பின்னரும் என்று முறை மட்டும் மாறியது. 1999இல் தமிழ்நாடு அரசு ஏற்ற தமிழ்99 முறையிலோ, ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதலெழுத்துக்குத் தானாகவே புள்ளி விழுந்துவிடும்.

இனி என் விசைப்பலகைக்கு வருகிறேன். கணினியை நிறுத்தி, பலகையைக் கழற்றிக் கவிழ்த்துத் தட்டினேன். சுன்னாகத்துச் செம்மண் தூசி உதிர்ந்ததே தவிரப் பயனில்லை. பின்புறத் திருகாணிகளைக் கழற்றித் திறந்தேன். உள்ளே மூன்று மெல்லிய பிளாஸ்ரிக் தாள்கள். மேல்தாளிலும் கீழ்த்தாளிலும் மின்கடத்தும் வட்டங்கள். நடுத்தாளில் அவற்றுக்கு நேரே துளைகள். விசையை அழுத்தும்போது இறப்பர்க் குமிழ் மேல்தாளை அமுக்கி, துளையினூடாக இரு வட்டங்களையும் தொடவைக்கிறது. அரைப்புள்ளி விசையின் கீழே என்றோ சிந்திய தேநீரின் சீனி காய்ந்து, அந்தத் தொடுகையை மறித்திருந்தது. பஞ்சிற் சிறிது ஸ்பிரிற் தொட்டு மெதுவாகத் துடைத்து, நன்றாக உலரவிட்டுப் பூட்டினேன். புள்ளி வந்தது.

காலமான நண்பர் சுன்னாகத்து அச்சகமொன்றிலேயே தொழில் பழகியவர். 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது, தம் எழுத்துப் பெட்டிகளை அப்படியே விட்டுவிட்டு நடந்தவர். மறு ஆண்டு திரும்பியபோது பெட்டிகள் கவிழ்ந்து, எழுத்துகள் முற்றமெங்கும் சிதறிக் கிடந்தனவாம். நிலத்திலே குந்தியிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினாராம். "மெய்யெழுத்துகளைத்தான் முதலிற் தேடினேன், அண்ணை. அவை குறைந்தால் ஒரு பெயரையும் ஒழுங்காய்ப் போடேலாது" என்று ஒருநாள் என்னிடம் சொன்னார்.

அவருடைய பெயரிலே மூன்று புள்ளிகள் உண்டு. அஞ்சலிக் கட்டுரையின் முதல் வரியில் அந்த மூன்றையும் வைத்த பின்னரே எழுந்து விளக்கைப் போட்டேன்.