சக்கையில் எரிந்த விளக்கு

மொரிஷியஸ் மின்சாரம் பற்றித் தேடினால் சோலார், காற்றாலை என்றுதான் எல்லாரும் ஆரம்பிக்கிறார்கள். எனக்கு அதைவிட சுவாரசியமாகப் பட்டது கரும்புச் சக்கை.

நம்மூர் வெல்ல ஆலையில் பிழிந்த சக்கையைக் காயவைத்து, கொப்பரைக்கு அடியிலேயே போட்டு எரிப்பாங்க இல்லையா? அங்கேயும் அதே கதைதான், அளவுதான் பெரிசு. 1858இல் அந்தத் தீவில் 259 சர்க்கரை ஆலைகள். கரும்பு வெட்டியவர்களில் சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிய தமிழர்களும் உண்டு.

ஒரு டன் கரும்புக்கு சுமார் 300 கிலோ சக்கை, அதில் பாதி ஈரம். ஆலைக்கு வேண்டியது போக மிஞ்சும். குவித்து வைத்தால் இடத்தை அடைக்கும், நொதிக்கும், தீப்பிடிக்கும். அதனால் பழைய கொதிகலன்களில் சிக்கனமாக எரிக்க யாரும் மெனக்கெடவில்லை. சக்கை ஒழிந்தால் போதும்! (படிச்சப்போ எனக்குக் கொஞ்சம் வயிறெரிந்தது.) 1957இல் செயின்ட் ஆந்துவான் ஆலை மிச்ச மின்சாரத்தைப் பொது மின்தொகுப்புக்குக் கொடுக்க ஆரம்பித்தது. 2000இல் பெல் வியூவில் 82 பார் அழுத்தக் கொதிகலன் வந்தபோது ஒரு டன் கரும்பிலிருந்து 100 யூனிட்டுக்கு மேல் விற்க முடிந்தது.

ஆனால் அறுவடை ஜூன் முதல் டிசம்பர் வரைதான். மீதி மாதங்களுக்கு? சக்கையைச் சேமிக்க வழியில்லாததால் அதே கொதிகலனில் இறக்குமதி நிலக்கரியைப் போட்டார்கள். 1980களில் ஃப்ளாக் பகுதி ஆலையில் தொடங்கிய ஏற்பாடு இது. உலகம் பாராட்டிய இந்தப் பசுமைக் கதையின் இன்னொரு பாதி கறுப்பு என்பதுதான் என் கணக்கு. 2010களில் நாட்டின் மின்சாரத்தில் நிலக்கரியின் பங்கு சக்கையைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல்.

சிறு விவசாயிகளின் வழக்கு வேறு. கரும்பு எங்களுது, சக்கைக்கு மட்டும் ஏன் சில்லறைக் காசு என்று வருஷக்கணக்கில் கேட்டார்கள். ஐரோப்பிய ஒன்றியம் சர்க்கரை விலையை 36 சதவீதம் வெட்டியபின் அந்தச் சில்லறையும் பெரிசாகிவிட்டது. பலர் நிலத்தைத் தரிசாகப் போட்டார்கள். இன்று மிஞ்சியவை மூன்றே ஆலைகள். கரும்பு குறையக் குறைய சக்கையும் குறைகிறது.

இப்போது அங்கே மின் வாரியம் லித்தியம் பேட்டரிகளை வைத்திருக்கிறது. சோலார் பலகைமேல் மேகம் கடக்கும் அந்தச் சில நிமிஷங்களை அவை தாங்கும். ஜனவரியிலிருந்து மே வரை தாங்காது.