சஃபாரி: யாருடைய பயணம்?

சஃபாரி என்றதும் நம்மில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது ஓர் உடுப்பு. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் அதிகாரிகளும் புது மாப்பிள்ளைகளும் விரும்பி அணிந்த அந்த உடுப்புக்குப் பெயர் தந்தது ஆப்பிரிக்க வேட்டைப் பயணம். சொல்லின் வேர் அதற்கும் பழையது. சுவாஹிலி மொழியில் சஃபாரி என்றால் பயணம், அவ்வளவே. அரபியின் 'சஃபர்' என்ற சொல்லிலிருந்து பிறந்தது. இந்தித் திரைப்பாடல்கள் வழியே நாமும் கேட்டுப் பழகிய சொல்தான் அது. சிங்கமும் சொகுசுக் கூடாரமும் அச்சொல்லின் பொருளில் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டவை.

இன்று கிழக்கு ஆப்பிரிக்காவின் உயர்தரக் கூடார விடுதிகளில் ஒருவர் ஓர் இரவு தங்க 1,000 டாலருக்கு மேல் ஆவது சாதாரணம். இவ்வளவு கொடுத்துப் போவது தகுமா என்ற கேள்வியை விளம்பரத் தாள்கள் சிறுத்தைகளின் எண்ணிக்கையைக் காட்டிச் சமாளித்துவிடும். வரலாற்றைப் புரட்டினால் கேள்வியே வேறாகிவிடுகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் சான்சிபார் தீவுக்கு எதிரே உள்ள பாகமோயோ கரையிலிருந்து தந்தம் தேடி உள்நாட்டுக்குப் புறப்பட்ட வணிகக் கூட்டங்களே முதல் சஃபாரிகள். வழியெங்கும் இருந்த ட்செட்சி ஈக்கள் குதிரையையும் மாட்டையும் நோயில் வீழ்த்திவிடும். ஆகவே சுமப்பதற்கு மனிதத் தலைகளே மிஞ்சின. ஆளுக்கு ஏறத்தாழ 30 கிலோ. நியாம்வேசி இனத்தவர் இத்தொழிலில் பேர்பெற்றவர்கள்.

1896இல் மொம்பாசாவில் தொடங்கிய உகாண்டா ரயில்பாதை 1901இல் விக்டோரியா ஏரியை எட்டியது. அதை அமைக்க இந்தியாவிலிருந்து, பெரும்பாலும் பஞ்சாபிலிருந்து, கொண்டுவரப்பட்ட ஒப்பந்தத் தொழிலாளர்கள் சுமார் 32,000 பேர். அவர்களில் ஏறத்தாழ 2,500 பேர் அங்கேயே மாண்டனர். 1899இல் ரயில்வே கிடங்காக எழுந்த ஊர்தான் நைரோபி. செல்வந்தர்கள் மாதக்கணக்கில் நடக்காமல் வேட்டைக்களத்தை அடைய வழி பிறந்தது.

1909இல் அமெரிக்க அதிபர் பதவியிலிருந்து விலகிய சில வாரங்களில் தியோடர் ரூஸ்வெல்ட் மொம்பாசாவில் வந்திறங்கினார். ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்கு உயிரின மாதிரிகள் சேர்ப்பது பயணத்தின் நோக்கம். அவரும் மகன் கெர்மிட்டும் சுட்ட விலங்குகள் 512. அவருக்காகச் சுமை தூக்கியவர்கள் 200க்கும் மேற்பட்டோர்.

இலக்கிய வாசகர்கள் கவனிக்க வேண்டிய சுமை ஒன்று அதில் உண்டு. ஷேக்ஸ்பியர், ஹோமர், கீட்ஸ், விவிலியம் என ஏறத்தாழ 60 நூல்களைப் பன்றித்தோல் அட்டை போட்டு, ஒரு பெட்டியில் அடுக்கி எடுத்துச் சென்றார் ரூஸ்வெல்ட். பெட்டியின் எடை சரியாக ஓர் ஆள் சுமக்கும் அளவு. மர நிழலில் அவர் படித்தார் என்பது வரலாற்றில் இருக்கிறது. அப்பெட்டியைச் சுமந்து நடந்தவரை நாம் அறியோம்.

சொகுசு என்பது அன்று பிறர் தலைமேல் ஏறிய சுமை. அது கண்ணுக்குத் தெரிந்தது. கண்ணுக்குத் தெரியாத இன்னொரு விலையும் இருந்தது, அது நிலம். 1904, 1911 ஆண்டுகளின் ஒப்பந்தங்களால் மாசாய் மக்கள் தம் மேய்ச்சல் நிலங்களிலிருந்து வெள்ளைக் குடியேறிகளுக்காக அகற்றப்பட்டனர். 1913இல் அவர்கள் தொடுத்த வழக்கும் தள்ளுபடியானது. பிறகு வந்தது பாதுகாப்பின் பெயரால் நடந்த அகற்றல். 1951இல் செரெங்கெட்டி தேசியப் பூங்கா உருவானது. 1959இல் மாசாய்கள் அதைவிட்டு வெளியேற்றப்பட்டு ங்கொரொங்கொரோ பகுதிக்கு அனுப்பப்பட்டனர். நாம் ஒளிப்படங்களில் கண்டு வியக்கும் ஆளரவமற்ற புல்வெளி ஆதிநாள் தொட்டு அப்படியே இருந்ததன்று. நிலத்தின் கருப்பொருளில் விலங்கையும் மனிதரையும் சேர்த்தே எண்ணிய திணை மரபில் வந்த நமக்கு இந்த வெறுமை உறுத்த வேண்டும்.

1977இல் கென்யா வேட்டையைத் தடைசெய்தது. துப்பாக்கி போய்க் கேமரா வந்தது. கொலை நின்றது பெரிய மாற்றம்தான்; ஆனால் நிலத்தின் கணக்கு அப்படியே நின்றது. அதைத் தீர்க்கும் முயற்சி ஒன்றை மாசாய் மாராவை ஒட்டிய நிலங்களில் காணலாம். 2006இல் தொடங்கிய ஒலாரே ஓரோக் போன்ற காப்பகங்களில் நிலம் மாசாய்க் குடும்பங்களுடையது. விடுதிகள் அவர்களுக்குக் குத்தகை செலுத்துகின்றன. கூடாரங்களின் எண்ணிக்கைக்கும் வரம்புண்டு. ஆள் குறைவு, ஆகவே விலை அதிகம். ருவாண்டாவில் மலைக் கொரில்லாக்களை ஒரு மணி நேரம் பார்க்க அனுமதிக் கட்டணம் 2017இல் 1,500 டாலராக உயர்த்தப்பட்டது. அதே ஆண்டு, சுற்றுலா வருவாயில் பூங்காவைச் சுற்றியுள்ள ஊர்களுக்கான பங்கும் 5 விழுக்காட்டிலிருந்து 10 ஆனது. ருவாண்டா, உகாண்டா, காங்கோ மூன்றும் பகிரும் விருங்கா மலைத்தொடரில் 1981இல் 254 ஆக இருந்த கொரில்லாக்கள் 2016 கணக்கெடுப்பில் 604.

இதை முழு வெற்றி என்று சொல்லிவிட முடியாது. 2020இல் பெருந்தொற்று பயணிகளை நிறுத்தியபோது மாராவில் பல காப்பகங்களின் குத்தகைப் பணமும் குறைந்தது. மாட்டை விட்டு விருந்தினரை நம்பியவர் என்ன செய்வார்? 2022இல் தான்சானியாவின் லோலியொண்டோவில் 1,500 சதுர கிலோமீட்டர் மேய்ச்சல் நிலத்தைக் காப்பிடமாக எல்லை பிரித்தபோது மாசாய்களுக்கும் காவல்துறைக்கும் மோதல் மூண்டது. 1959 இன்னும் முடிந்துவிடவில்லை.

எனவே விலையுயர்ந்த சஃபாரி தகுமா என்பதற்குப் பட்டுத் தலையணையிலோ சிங்கம் தென்படுவதிலோ விடை இல்லை. இந்த நிலம் யாருடையது, வாடகை யார் கைக்குப் போகிறது, பயணிகள் வராத ஆண்டில் அவர்களுக்கு என்ன கிடைக்கும், அவ்வூர்ப் பிள்ளைகள் விடுதியில் பெட்டி தூக்குகிறார்களா, நிர்வாகமும் செய்கிறார்களா என்று கேட்டுப் பார்க்கலாம். நேரான பதில் தரும் இடத்துக்கு அந்த விலை தகும். பதிலுக்குப் பதில் சிறுத்தைப் படத்தை நீட்டும் இடத்தில், எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் அது அதிக விலைதான்.