கூலியா, பிச்சையா? – இலண்டன் நடைபாதை ஓவியர் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

கலை வரலாறு என்றதும் அரண்மனைகளும் ஆலயங்களும் நூதனசாலைகளுமே பெரும்பாலும் பேசப்படுகின்றன. தெருவிற் பிறந்து மழையில் அழிந்த கலை அவ்வரலாற்றில் இடம்பெறுதல் அரிது. 19ஆம், 20ஆம் நூற்றாண்டுகளில் இலண்டன் நடைபாதைக் கற்களிலே வண்ணச் சுண்ணக்கட்டியால் ஓவியந் தீட்டி, வழிப்போக்கர் இட்ட செப்புக்காசுகளால் வாழ்ந்தோரை ஈண்டு நோக்குவோம். அக்காசு உழைப்புக்கு அளித்த கூலியா, வறுமைக்கு இட்ட பிச்சையா என்பதே எமது வினா.

இவ்வோவியரை ஆங்கிலக் கொச்சை வழக்கு ‘ஸ்கிரீவர்’ என்றது. எழுதுதல் எனப் பொருள்படும் இத்தாலியச் சொல்லின் வழிவந்தது அது என்பர். சித்திரம் ‘எழுதுதல்’ என்னும் எமது வழக்கினை இது நினைவூட்டுகின்றது. ஆயின் இரந்து வாழ்வோருக்குப் பொய் விண்ணப்பங்கள் எழுதிக் கொடுத்தவனும் அப்பெயராலேயே அழைக்கப்பட்டான். இலண்டன் வறியோர் பற்றி ஹென்றி மேஹியூ 1851இல் நூலாக வெளியிடத் தொடங்கிய ஆய்வு இத்தகையோரை விரிவாகப் பதிவுசெய்தது. ஓவியனுக்கும் வஞ்சகனுக்கும் ஒரே பெயர் வழங்கியமை, அச்சமூகம் கலைஞனை எவ்விடத்தில் வைத்தது என்பதைப் புலப்படுத்தும்.

சட்டமும் இம்மயக்கத்துக்குத் துணைசெய்தது. இங்கிலாந்தின் 1824ஆம் ஆண்டு நாடோடிகள் சட்டம் பொதுவிடங்களில் இரத்தலைக் குற்றமாக்கியது. இலங்கையில் 1841ஆம் ஆண்டின் 4ஆம் இலக்க நாடோடிகள் கட்டளைச்சட்டமும் அதே நோக்கில் எழுந்ததே. 1864இல் பாராளுமன்ற உறுப்பினர் மைக்கல் பாஸ் கொண்டுவந்த சட்டம், தெரு இசைவாணரை விலகிச் செல்லுமாறு பணிக்கும் உரிமையை இலண்டன் வீட்டுக்காரருக்கு உறுதிசெய்தது. கணித அறிஞர் சார்ள்ஸ் பாபேஜ் தெரு இசைக்கு எதிராக நெடுங்காலம் போராடியவர். ஓவியனோ ஓசை எழுப்பாதவன். ஆதலின் அச்சட்டம் அவனைத் தீண்டவில்லை.

எமது வினாவுக்கு மிகுந்த ஒளி தருவது ஜோர்ஜ் ஓர்வெல் 1933இல் வெளியிட்ட பாரிஸ், இலண்டன் வறுமை வாழ்வு பற்றிய நூலாகும். வாய்திறந்து காசு கேட்பவன் குற்றவாளி. சுண்ணக்கட்டியாற் கிறுக்குபவனோ தொழில் புரிபவன் என்ற சட்டத்தின் போலித்தன்மையை அவர் எடுத்துக்காட்டினார். வாட்டர்லூ பாலத்தருகே வரைந்த போசோ என்னும் ஓவியன், மக்கள் தன் கை வரைவதைக் கண்டால் நின்று பார்ப்பர் என்பதனாற் படங்களை அடிக்கடி மாற்றினான். ‘மூலதனம்’ என்னும் மலைப்பாம்பு ‘உழைப்பு’ என்னும் முயலை விழுங்குவதாக அவன் வரைந்த படத்தை அழிக்குமாறு பொலிஸ்காரர் பணித்தார். மறுத்தால் அவனை அவ்விடத்திலிருந்தே அகற்றும் அதிகாரம் அவருக்கு இருந்தது.

இவ்விரு செய்திகளும் ஒருங்கே நோக்கத்தக்கன. உழைப்புக் கண்ணுக்குப் புலனாகும்போதே வழிப்போக்கரின் காசு கூலியின் தன்மையைப் பெற்றது. எனினும் அக்கூலிக்கு ஒப்பந்தமில்லை. அதனைக் கேட்கும் உரிமையுமில்லை. நிற்கும் நிலமும் கலைஞனுக்குரியதன்று. ஆகவே அவன் பிச்சைக்காரனுமல்லன், முழுமையான தொழிலாளியுமல்லன்.

2018இல் இலண்டன் தெரு இசைவாணர் சிலருக்கு வங்கி அட்டைவழிப் பணம்பெறும் கருவிகள் வழங்கப்பட்டன. 2021இல் வெஸ்ட்மின்ஸ்ரர் நகரசபை தெருக்கலைஞருக்கு அனுமதிப்பத்திர முறையைக் கொணர்ந்தது. அனுமதிப்பத்திரம் கலையைத் தொழிலென ஏற்கின்றது. அதேவேளை எங்கு நிற்கலாம் என்பதையும் அதுவே வரையறுக்கின்றது. காசு விழும் முறை மாறியுள்ளது. தெரு யாருக்குரியது என்ற வினா மாறவில்லை.