குடிமனையின் விலை



சென்னையில் வாழ என்ன செலவாகிறது என்று கேட்டால் அரிசி, கேஸ், வாடகை, பஸ் கட்டணம் என்றுதான் எல்லோரும் கூட்டத் தொடங்குகிறார்கள். நாம் வேறொரு கேள்வியிலிருந்து தொடங்குவோம். குடியிருக்கும் மனை யாருடையது?

தாம்பரமும் அதைச் சுற்றியுள்ள ஊர்களும் அன்று செங்கல்பட்டு மாவட்டத்தின் சைதாப்பேட்டை தாலுகாவைச் சேர்ந்தவை. 1891இல் அம்மாவட்டத்தின் கலெக்டர் பொறுப்பில் இருந்த ட்ரெமென்ஹீர், சேரி மக்களின் நிலை பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை அளித்தார். வயல் மட்டுமல்ல, சேரி நின்ற மனையும் தங்களுடையது என மிராசுதார்கள் உரிமை கொண்டாடியதை அவர் பதிவு செய்தார். கூலி போதாது என்று வாய் திறந்தவர் குடிசையையும் இழக்க நேரும். ஆகவே மனை என்பது வெறும் இருப்பிடமாக இல்லை. கூலியை ஏறவிடாமல் கட்டிவைத்த கயிறாக இருந்தது.

அந்த அறிக்கையின் தொடர்ச்சியாக 1892இல் வந்த அரசாணையே பஞ்சமி நிலத்துக்கு வழிவகுத்தது. சென்னை மாகாணத்தில் ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கர் வழங்கப்பட்டதாக நம் இயக்கங்கள் சொல்லிவருகின்றன. பிறருக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனை இருந்தும் அதில் பெரும்பகுதி கைமாறியது. அதை மீட்கக் கேட்டதற்காகத்தான் 1994 அக்டோபர் 10 அன்று, காரணைப் போராட்டத்தில், ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார்கள்.

நிலம் ஏன் கைமாறியது என்பதை ரயில் பாதையோரம் நடந்தாலே புரிந்துகொள்ளலாம். 1931இல் கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. 1984இல் தாம்பரம் சானடோரியத்தில் ஏற்றுமதி வளாகம் வந்தது. ஏக்கரில் பேசிய நிலத்தைக் கிரவுண்டிலும், பிறகு சதுர அடியிலும் பேசினார்கள். அளவு சுருங்கச் சுருங்க விலை ஏறியது. உழுதவர்களின் பெயர் மட்டும் பத்திரத்தில் ஏறவில்லை.

2000ஆம் ஆண்டில் தரமணியில் டைடல் பார்க் திறக்கப்பட்டது. அதே ஆண்டில், அதே பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டி, நகரத்திலிருந்து அகற்றப்பட்டவர்களுக்காகக் கண்ணகி நகர் உருவானது. சுனாமிக்குப் பிறகு செம்மஞ்சேரி, 2015 வெள்ளத்துக்குப் பிறகு பெரும்பாக்கம். கூவம், அடையாறு கரைகளிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களில் பெரும்பாலோர் நம் மக்கள்.

அரசின் நுகர்வோர் விலைக் குறியீட்டில் அரிசியும் வாடகையும் பஸ் கட்டணமும் உண்டு. போகாமல் போன வேலைக்கு அதில் இடமில்லை. மயிலாப்பூரில் காலையும் மாலையும் நான்கு வீடுகளில் வேலை செய்த ஒரு பெண்ணை எண்ணிப் பாருங்கள். 20 கிலோமீட்டருக்கு அப்பால் போனபின் இரண்டு வீடுகளுக்கு மேல் அவரால் ஓட முடியாது. 2021இல் வந்த கட்டணமில்லாப் பேருந்து அவர் காசை மிச்சப்படுத்துகிறது. அதை நாம் மதிக்கிறோம். ஆனால் சாலையில் கழியும் நேரத்தை அது திருப்பித் தராது. அருகில் கம்பெனிகள் இருந்தாலும், முகவரியைப் பார்த்தே சந்தேகப்படும் முதலாளிகளை நம் இளைஞர்கள் அறிவார்கள்.

அன்று மனை நம்மை ஒரே ஆண்டையின் கூலியோடு கட்டிப்போட்டது. இன்று மனை நம்மைக் கூலியிலிருந்தே வெட்டி எறிகிறது. இரண்டிலும் எங்கே குடியிருப்பது என்பதை நாம் முடிவு செய்யவில்லை. பேரம் பேசும் பலம் இல்லாதவர்களுக்கு நகரம் எப்போதும் கூடுதல் விலை சொல்லும்.

எனவே இந்த மேடையில் நாம் கேட்பது இரண்டு. தாம்பரம், வண்டலூர் வட்டங்களின் பஞ்சமி நிலங்களைச் சர்வே எண்வாரியாக அரசு வெளியிட வேண்டும். அகற்றப்படும் எந்தக் குடும்பத்துக்கும் அது வேலை செய்யும் பகுதியிலேயே, உரிமைப் பத்திரத்தோடு வீடு தர வேண்டும். மாணவர்களுக்கு ஒரு வேலை சொல்கிறோம்: கிராமக் கணக்குகளைத் தேடி, தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். பெரும்பாக்கத்தில் ஒவ்வொரு வீட்டிலும் இழந்த கூலி எவ்வளவு என்று கேட்டு எழுதுங்கள். ட்ரெமென்ஹீர் நம்மைப் பற்றி எழுதினார். இனி இந்தக் கணக்கை நாம் எழுதுவோம்.

ஜெய்பீம்.