பரங்கிமலையில் ஓர் அயர்லாந்துப் பெயர்



தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் எத்தனை முறை பரங்கிமலையைத் தாண்டியிருப்போம்! சினிமாவுக்கு ஓடுகிற அவசரத்தில் மலையை யார் பார்த்தோம்?

1759 பிப்ரவரி 9-ஆம் தேதி அந்த அடிவாரத்தில் ஒரு சண்டை நடந்தது. அப்போது சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டிருந்த பிரெஞ்சுத் தளபதி லாலி. மலையடியில் அவர் படையை நடத்தியவரும் ஒரு லாலிதான், அவருடைய உறவினர். எதிரே ஆங்கிலேயரோடு நின்றவர் நம் மருதநாயகம் யூசுப் கான்.

லாலி பிரெஞ்சுக்காரர்னு மனப்பாடம் செய்துதானே மார்க் வாங்கினோம்? பெயர் பிரெஞ்சே இல்லை. அயர்லாந்தின் கால்வே பகுதியில், டூயம் ஊருக்குப் பக்கத்திலிருந்த 'ஓ மீலலி' குடும்பம் அது. 'ஓ' என்றால் வழிவந்தவர். ஆங்கில எழுத்தில் அது முல்லாலி ஆயிற்று. பிறகு முன்பாதியும் உதிர்ந்து வெறும் லாலி. 1691-ல் லிமரிக் உடன்படிக்கைக்குப் பின் ஆயிரக்கணக்கான கத்தோலிக்க வீரர்கள் பிரான்சுக்குப் போனார்கள். அப்படிப் போன குடும்பம். தளபதி 1702-ல் பிரான்சிலேயே பிறந்தவர். ஆனாலும் பூர்வீக ஊரான டல்லினடேலியை விடவில்லை. 'லாலி டோலண்டால்' என்று பெயரோடு ஒட்டிக்கொண்டார்கள். நம்மவர்கள் ஊர்ப்பெயரை இனிஷியலாகப் போடுகிறோமே, அந்த மாதிரி.

1760-ல் வந்தவாசியில் தோற்றார். வென்ற அயர் கூட்டும் அயர்லாந்தில் பிறந்தவர்தான்! 1761-ல் புதுச்சேரியும் போயிற்று. பிரான்சில் துரோகிப் பட்டம் கட்டி, 1766 மே 9 அன்று பாரிசில் தலையை வெட்டிவிட்டார்கள். கோபக்காரர், கீவளூரில் கோயில் பிராமணர்களை ஒற்றர்கள் என்று பீரங்கி வாயில் வைத்துச் சுட்டவர். அவருக்காக நாம் அழவேண்டியதில்லை. ஆனால் துரோகி அல்ல. தோல்விக்குப் பழி சுமக்க ஓர் ஆள் தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

என்னை உலுக்கியது மகன் கதை. பாரிசில் ஒரு கல்லூரியில் 'த்ரோஃபீம்' என்ற பெயரில் படித்துக்கொண்டிருந்த பையன். அப்பா யாரென்றே தெரியாது. தலை வெட்டப்பட்ட அன்றுதான் தன் பெயர் லாலி என்று தெரிந்ததாம். வயது பதினைந்து. அந்தப் பெயரை ஒளிக்காமல் வழக்காடினான். வால்டேர் துணைக்கு வந்தார். 1778-ல் தீர்ப்பு ரத்தானது.

முல்லாலி என்றே நின்றுபோன கிளையும் உண்டு. கடல்கடந்து அமெரிக்காவுக்கும் போயிற்று. 2006 முதல் 2014 வரை ஃபோர்டு கம்பெனித் தலைவராக இருந்தாரே ஆலன் முலாலி, அவர் பெயரும் அதேதான். 2022 வரை அந்தக் கம்பெனிக் கார்கள் எங்கே தயாராயின? மறைமலை நகரில். பரங்கிமலையைத் தாண்டிப்போகிற நம் ஜி.எஸ்.டி. ரோட்டிலேயே!